நாயின் மூட்டுவலிக்கு வந்த மாத்திரை

வயதான நாய் நொண்டினால் முதுமை என்று விட்டுவிடுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. மிஞ்சிப்போனால் ஆஸ்பிரின் கொடுப்பார்கள். அது வலியைக் குறைத்தாலும் இரைப்பையைப் புண்ணாக்கிவிடும்.

1996-இல் அமெரிக்காவில் திருப்பம் வந்தது. முன்பு மனிதர்களுக்குத் தரப்பட்ட கார்ப்ரோஃபென், 'ரிமாடில்' என்ற பெயரில் நாய்களின் மூட்டுத் தேய்வுக்கு அனுமதி பெற்றது. படியேறத் திணறிய கிழட்டு நாய்கள் பலவும் நிம்மதியாக நடந்தன. ஆனால் சில நாய்களுக்குக் கல்லீரல் பழுதானது. 1998-இல் வெளியான ஆய்வு அப்படிப்பட்ட 21 நாய்களை விவரித்தது. அவற்றில் 13 லாப்ரடார்கள். மருந்து தொடங்குமுன்னும் தொடரும்போதும் ரத்தப் பரிசோதனை செய்வது எவ்வளவு அவசியம் என்பதை அந்த நாய்கள்தான் உணர்த்தின. மனிதர்களுக்கான வலிமருந்து என்று வீட்டு அலமாரியிலுள்ள இபுப்ரூஃபனை அன்பினால்கூட நாய்க்குக் கொடுக்கக் கூடாது, உயிரே போகலாம்.

நாய்களுக்கான மெலாக்ஸிகாம், ஃபிரோகாக்ஸிப் ஆகிய வலிமருந்துகள் பின்னர் வந்தன. 2023-இல் அமெரிக்கா அனுமதித்த பெடின்வெட்மாப் மாத்திரையே அல்ல. வலியைத் தூண்டும் நரம்பு வளர்ச்சிக் காரணியை முடக்கும் அந்த மருந்தை மாதம் ஒருமுறை ஊசியாகப் போடுகிறார்கள்.