மங்கி என்றொரு காளை

குஜராத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு விவசாயி மாட்டுக் கடன் கேட்டு வந்தார். அவர் வாங்க நினைத்தது காங்ரேஜ் பசு. கலப்பினப் பசு என்றால் உடனே தருகிறேன், பால் கணக்கு அதில்தான் சரியாக வரும் என்றேன். "சாகேப், இதுதான் எங்க வெயிலைத் தாங்கும்" என்றார். வெயில் தாங்குவதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. எழுந்து போய்விட்டார்.

வெகு நாள் கழித்து சாந்தா கெர்ட்ரூடிஸ் என்ற மாட்டினத்தின் கதையைப் படித்தேன். பி.காம். படித்தவனுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள் :-)

டெக்சாஸின் தென்பகுதியில் கிங் ராஞ்ச் என்று ஒரு பண்ணை. 1853-ல் ரிச்சர்ட் கிங் என்ற நீராவிப் படகு கேப்டன் நிலம் வாங்கி ஆரம்பித்தது. அங்கே இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் மாடுகளை இறைச்சிக்காக வளர்த்தார்கள். கறி நன்றாக இருந்தது, ஆனால் வெயிலிலும் உண்ணித் தொல்லையிலும் மாடுகள் வாடிப்போயின.

அதே டெக்சாஸில் பியர்ஸ் பண்ணைக்காரர்கள் 1906-ல் இந்தியாவிலிருந்து திமில் மாடுகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். காங்ரேஜ், கிர், ஓங்கோல் என்று நம்ம ஊர் மாடுகள் கலந்து அங்கே உருவான இனத்துக்கு 'பிராமன்' என்று பெயர். குட்டை மயிர், தளர்ந்த தோல், நன்றாக வியர்க்கும், உண்ணியும் அவ்வளவாக அண்டாது.

1918-ல் கிங் ராஞ்ச், பியர்ஸ் பண்ணையிலிருந்து 52 பிராமன் கலப்புக் காளைகளை வாங்கி ஷார்ட்ஹார்ன் பசுக்களோடு சேர்த்தது. 1920-ல் செக்கச்செவேலென்று ஒரு கன்று பிறந்தது. பெயர் மங்கி. 1932-ல் சாவதற்குள் 150-க்கும் மேற்பட்ட காளைகளுக்குத் தகப்பன். இன்றைய சாந்தா கெர்ட்ரூடிஸ் மாடுகள் எல்லாமே அதன் வம்சம்தான். 1940-ல் அமெரிக்க வேளாண்துறை இதைத் தனி இனமாக ஏற்றது. 1952-ல் ஆஸ்திரேலியாவுக்கும் போனது.

இதில் ஷார்ட்ஹார்ன் எட்டில் ஐந்து பங்கு, பிராமன் எட்டில் மூன்று. கறி அந்த ஐந்து பங்கில் வந்தது. வெயிலில் உயிரோடு நின்றது இந்த மூன்று பங்கால்.

அது இறைச்சி மாடு, இவர் கேட்டது பால் மாடு. ஆனால் டெக்சாஸ்காரர்கள் காசு கொடுத்து, பல வருஷம் காத்திருந்து சம்பாதித்த அதே குணத்தைத்தான் அவர் என் மேஜைக்கு எதிரே நின்று ஒரே வரியில் சொன்னார்.

இப்போதெல்லாம் காங்ரேஜ் என்று யாராவது வந்தால் முதலில் உட்காரச் சொல்கிறேன். அந்த மனிதர்தான் திரும்பி வரவேயில்லை.