திரைமுகப்புக் குறுக்குவழி

கணினியைத் திறந்ததும் தெரியும் திரைமுகப்பில் அடிக்கடி தேவைப்படும் கோப்பையோ செயலியையோ உடனே திறக்க உதவும் சிறு படமே குறுக்குவழி. கோப்புகளைப் படங்களாகக் காட்டும் முறையை 1981-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கணினி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆப்பிள் 1991-ல் தன் சிஸ்டம் 7-ல் ஒரு கோப்புக்கு மாற்றுப்பெயர் வைக்கும் வசதியைத் தந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 தான் இதைப் பரவலாக்கியது. படத்தின் இடது கீழ் மூலையில் உள்ள வளைந்த அம்புக்குறி அதன் அடையாளம்.

குறுக்குவழிக்குள் கோப்பு இருப்பதில்லை, அதன் முகவரி மட்டுமே இருக்கிறது. அதனால் குறுக்குவழியை அழித்தாலும் கோப்புக்குச் சேதமில்லை. கோப்பை அழித்தால் குறுக்குவழி வெறும் படமாக நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கைக்குக் கணினி வந்தது. 2007 நவம்பரில் பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் போன்ற மாவட்டங்களில் பலர் வீட்டுக்கு வந்த முதல் கணினியே அதுதான். விண்டோசுடன் பாஸ் லினக்சும் பல மடிக்கணினிகளில் இருந்தது. லினக்சில் குறுக்குவழி என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. தமிழுக்கென ஒரு வரி சேர்த்தால் படத்தின் கீழே பெயர் தமிழில் தெரியும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் பென்டிரைவ். திரைமுகப்பிலுள்ள குறுக்குவழியை மட்டும் அதில் நகலெடுத்துப் பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒன்றும் திறக்காது. ஆவணம் வீட்டுக் கணினியிலேயே இருக்கும்.

இந்த எளிமையையே நச்சுநிரல் எழுதுவோரும் பயன்படுத்தினர். பென்டிரைவிலுள்ள கோப்புறைகளை மறைத்து, அதே பெயரில் குறுக்குவழிகளை வைக்கும் நச்சுநிரல்கள் உண்டு. சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும், நச்சுநிரலும் ஓடும். ஆகவே சந்தேகமே எழாது. 2010-ல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் இன்னும் மோசம். கோப்புறையைத் திறந்து குறுக்குவழியின் படம் திரையில் தெரிந்தாலே போதும், சொடுக்கவே வேண்டாம். ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த ஓட்டையை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று அடைத்தது.

முதல் வகையில் கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை, மறைந்தே இருக்கும். பென்டிரைவை அவசரப்பட்டு ஃபார்மட் செய்பவர்கள்தாம் அவற்றை உண்மையில் இழக்கிறார்கள். விண்டோசின் கட்டளைச் சாளரத்தில் 'அட்ரிப்' கட்டளையால் அவற்றை மீண்டும் வெளிக்கொண்டுவரலாம்.