வேகமானியின் ஒருபக்கப் பிழை: 1902 முதல் ஒழுங்குவிதி 39 வரை

காரின் வேகமானி உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டுவதைக் கருவியின் குறை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. தொடக்கத்தில் வேகமானியின் பிழை கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்ற நிலையில் இருந்தது. 1970-களில் ஐரோப்பியச் சட்டம் குறையும் வழியை அடைத்தது. கருவி துல்லியமடைந்த பின்னும் மிகை நீடிப்பதற்கு அந்த அடைப்பே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அப்போது ஜெர்மன் பேரரசில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் ஓட்டோ ஷூல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற வேகமானி, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உலகின் கார்களை ஆண்டது. அதன் அமைப்பு எளிது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, கிண்ணத்தையும் அதே திசையில் இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுக்கும். இழுப்பும் தடையும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்.

இந்த அழகான எளிமைக்குள்ளேயே பிழையும் குடியிருந்தது. டாஷ்போர்டு சூடேறினால் அலுமினியத்தின் மின்தடை கூடி இழுவிசை தளரும்; முள் குறைத்துக் காட்டும். இதை ஈடுகட்ட, வெப்பத்துக்கேற்பக் காந்தப் பண்பு மாறும் நிக்கல்-இரும்புக் கலவைத் துண்டு ஒன்றைக் காந்தத்தோடு பொருத்தினார்கள். நாள்பட்ட காந்தம் வலுவிழந்தாலும் முள் இறங்கும். சுருள்வில் தளர்ந்தாலோ ஏறும். எந்தக் காரில் எது முந்தும் என்று தொழிற்சாலையில் இருப்பவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சட்டங்களும் இதற்கேற்பவே அமைந்தன. பிரிட்டனில் 1937 முதல் புதிய கார்களுக்கு வேகமானி கட்டாயமாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2006-க்கு முந்தைய விதி, மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் கூட்டியோ குறைத்தோ 10 சதவீதம் வரை பிழையை ஏற்றது. அமெரிக்காவில் வணிக லாரிகளுக்கான கூட்டாட்சி விதி, மணிக்கு 50 மைல் வேகத்தில் இருபுறமும் 5 மைல் வரை இன்றும் விட்டுக்கொடுக்கிறது.

திருப்பம் 1975 ஜூனில் வந்த ஐரோப்பியச் சமூகத்தின் உத்தரவில் இருக்கிறது. அதையொட்டி, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் ஒழுங்குவிதி 39 1978-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, காட்டும் வேகத்திலிருந்து உண்மை வேகத்தைக் கழித்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. சேர்த்த அளவைத் தாண்டவும் கூடாது. கார் 80-இல் ஓடும்போது முள் 80 முதல் 92 வரை எங்கும் நிற்கலாம். 100-இல் 114 வரை போகலாம். ஆனால் 99 காட்டினால் அந்த மாதிரி தேறாது. ஆஸ்திரேலியாவும் 2006 ஜூலை முதல் புதிய மாதிரிகளுக்கு இதே சூத்திரத்தை ஏற்றது.

அந்தப் பூஜ்யம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. ஒரு கருவியின் பிழை இருபுறமும் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் காரும் குறைத்துக் காட்டக் கூடாது என்றால், தயாரிப்பாளர் நடுப்புள்ளியையே குறைந்தது 3 சதவீதம் மேலே நகர்த்தியாக வேண்டும். சராசரிக் கார் அதனாலேயே மிகையாகக் காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வேகமானியை நம்பி ஓட்டியவர் கருவியின் பிழைக்காக அபராதம் கட்டக் கூடாது என்ற நியாயம் இதில் இருக்கிறது. அதை முழுமனத்தோடு ஏற்கிறேன்.

பிறகு எண்பதுகளில் தொடங்கி மின்னணு உணரிகள் கேபிளை மெல்ல அகற்றின. கிண்ணத்தின் சூடும் சுருள்வில்லின் தளர்ச்சியும் பழங்கதையாயின. டயர் மட்டும் மிஞ்சியது. கார் அளப்பது சக்கரத்தின் சுழற்சியை. சாலையில் கடந்த தூரத்தை அல்ல. 195/65 ஆர்15 அளவுள்ள புதிய டயரின் ஆரம் சுமார் 317 மி.மீ. அதன் வார்ப்புப் பள்ளம் 8 மி.மீ.யிலிருந்து 1.6 மி.மீ.க்குத் தேய்ந்தால் ஆரம் 2 சதவீதம் குறையும். அதே வேகத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுழலும்; எண்ணும் 2 சதவீதம் ஏறும். மாறாக, உரிமையாளர் 205/65 ஆர்15 மாட்டினால் விட்டம் 2 சதவீதம் பெரிதாகி, எண் இறங்கும். சட்டம் அஞ்சும் பக்கம் இதுதான் என்பதால், தயாரிப்பாளர் இதற்கும் கொஞ்சம் இடம் விட்டே வைக்கிறார்.

2000 மே மாதம் அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது. கைப்பேசியிலும் ஜி.பி.எஸ். வந்த பிறகு, வேகமானி காட்டுவதற்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள இடைவெளி சாதாரண ஓட்டுநர்களுக்கும் தெரியவந்தது. தெரிந்ததால் ஒரு தீங்கும் வந்தது. "மீட்டர் எப்படியும் கூட்டித்தான் காட்டும்" என்று அழுத்தி ஓட்டுபவருக்கு, தன் காரின் மிகை எவ்வளவு என்று தெரியாது. சட்டப்படி அது பூஜ்யமாகவும் இருக்கலாம். ஜெர்மனியில் ரேடார் அளவிலிருந்து 100 கி.மீ. வரை 3 கி.மீ. கழிக்கிறார்கள். அது அளவைக் கருவிக்கான சலுகை, டாஷ்போர்டுக்கானது அல்ல. இரண்டையும் கூட்டிக் கணக்குப் போடுபவர் ஆபத்தான வேகத்துக்குப் போய்விடுகிறார்.

எனவே குறைத்துக் காட்டக் கூடாது என்ற கீழெல்லை அப்படியே நிற்கட்டும். காந்தத்துக்கும் சுருள்வில்லுக்கும் தந்த மேலெல்லையை மின்னணுக் கருவிக்கும் தொடர்வதற்கு நியாயம் இல்லை. டயரின் தேய்மானத்தையும் அனுமதிக்கப்பட்ட டயர் அளவுகளையும் கணக்கில் எடுத்தாலும், 100-இல் 14 கி.மீ. என்ற இடைவெளி இன்று தேவைப்படாது. அதில் பாதியே தாராளமாகப் போதும்.