கஸ்தூரியார் வீதியில் ஒரு சலூன்

டொமினிக் ஜீவாவைப் பற்றி எழுதுகிற ஆக்கள் அநேகமாக ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள்: முடிதிருத்தும் தொழிலாளியாக இருந்தபோதிலும் அவர் பெரிய எழுத்தாளராக வந்தார் என்று. அந்த 'இருந்தபோதிலும்' எங்களுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. தொழிலைத் தாண்டி வந்தபிறகுதான் மனிசன் மனிசனானார் என்று சொல்லுவது போல இருக்கிறது. ஆனால் அவர் தொழிலைத் தாண்டி எங்கேயும் ஓடவில்லை. 'மல்லிகை' வளர்ந்ததே சலூனுக்குள்ளேதான்.

1927 ஜூன் 27இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வைத்து அவருடைய குலத்தொழிலைச் சொல்லி அவமானப்படுத்தினார். அதுக்குப் பிறகு பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. போன இடம் குடும்பத்துக்குச் சோறு போட்ட அதே தொழில்தான். கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன் அவருக்கு உலையும் வைத்தது, பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

சலூன் என்பது அந்தக் காலத்தில் வெறும் முடிவெட்டுற இடமில்லை. முறை வரும்வரைக்கும் வாங்கில் குந்தியிருக்கிறவர்களுக்குப் பேப்பர் வேணும். ஒருவர் வாசிக்க, மற்றவர் எதிர்க்கதை சொல்ல, கதிரையில் முகத்தில் சவர்க்கார நுரையோடு இருக்கிறவர் வாய் திறக்க ஏலாமல் தவிப்பார். நாள் முழுக்க ஊர் வந்து போகும். நின்றபடி வேலை செய்கிற ஒருவருக்குக் காது சும்மாதானே இருக்கிறது! ஜீவாவின் கதைகளில் வருகிற பேச்சு எங்கேயிருந்து வந்தது என்று தேட நாங்கள் தூரம் போகத் தேவையில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சாதி ஒழுங்கில் வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் என்ற ஐந்து சமூகங்களையும் சேர்த்துப் பஞ்சமர் என்றார்கள். முடிவெட்டுகிறவர் உயர்சாதிக்காரரின் கழுத்தில் சவரக்கத்தியை வைக்கலாம், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அவர் இல்லாமல் ஏலாது. ஆனால் கோயிலுக்குள்ளே போக ஏலாது, தேத்தண்ணிக் கடையில் சமனாக இருந்து குடிக்க ஏலாது. அதே நேரம், பஞ்சமருக்குள்ளேயே மற்றவர்களுக்கு முடிவெட்ட மறுத்த சலூன்களும் இருந்தன. உயர்சாதி வாடிக்கையாளர் வராமல் விடுவார்கள் என்ற பயம் அதுக்கு ஒரு காரணம். ஒடுக்கப்பட்டவரைக் கொண்டே ஒடுக்குகிற இந்த ஏற்பாட்டைப் பற்றி நாங்கள் இன்னும் போதியளவு கதைக்கவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பத்து வருசத்துக்குப் பிறகும், 1960களின் கடைசியில், தேத்தண்ணிக் கடை வாசலிலும் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் சனம் போராடத்தான் வேண்டியிருந்தது.

இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் தலைமறைவாக யாழ்ப்பாணம் வந்திருந்த ப. ஜீவானந்தத்தின் தாக்கத்தில்தான் டொமினிக், டொமினிக் ஜீவா ஆனார். கே. டானியலும் அவரும் ஒரே காலத்து ஆக்கள். டானியலும் பட்டறைத் தொழிலாளிதான். ஐந்தாம் வகுப்புப் படித்தவர் எழுதிய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தபோது அது எவ்வளவு பேரின் தொண்டையில் சிக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இழிசனர் இலக்கியம் என்று மரபுப் பண்டிதர்கள் முத்திரை குத்திய காலம் அது.

1966 ஓகஸ்ட்டில் 'மல்லிகை' தொடங்கியது. கையில் பெரிய முதலும் இல்லை, பின்னால் நிறுவனமும் இல்லை. அச்சுக்கூலி, தாள், தபால் எல்லாத்துக்கும் காசு தேடவேண்டியவரும் அவர்தான். ஊர்க் கடைக்காரரிடம் விளம்பரம் கேட்டார். சந்தா சேர்த்தார். இதழ் வந்ததும் சைக்கிளில் கட்டிக்கொண்டு தானே போய் ஆளுக்காள் விற்றார். ஆசிரியரே வாசல்வரைக்கும் கொண்டுவந்து தருகிற சஞ்சிகையை வாங்காமல் விட ஆருக்கு மனம் வரும்? தன்ரை கைக்காசில் நிற்கிற சிறுதொழிலாளியின் பழக்கம்தான் இது என்று நினைக்கிறம். வேலைக்கு உரிய கூலியைக் கேட்டு வாங்க அவர் வெட்கப்படவில்லை, இலவசமாகக் கொடுத்துப் பெருமை தேடவுமில்லை.

அந்தத் தாள்களில் யாழ்ப்பாணத்து ஆக்கள் மட்டும் எழுதவில்லை. மலையக எழுத்தாளர்கள், முஸ்லிம் எழுத்தாளர்கள் எழுதினார்கள். சிங்களக் கதைகள் மொழிபெயர்ப்பாக வந்தன. முதல் கதையை மல்லிகையில் பார்த்தவர்கள் எங்கட இலக்கியத்தில் ஏராளம். தமிழும் சிங்களமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட வருசங்களிலும் அந்த மொழிபெயர்ப்புகள் நிற்காதது சின்ன விசயமில்லை.

கணக்கைப் பாருங்கள்: 2012 வரைக்கும் 46 வருசம். மாதம் ஒன்று என்றால் 550க்கு மேலே வந்திருக்கவேணும். வந்தது 400க்குச் சற்று மேலே. மிச்சம் எங்கே? யுத்தத்துக்குள்ளே. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி போல தாளும் தட்டுப்பட்டது. கொப்பித் தாளில் பேப்பர் அடித்த காலம். பிறகு 1995 இடப்பெயர்வு. காங்கேசன்துறை வீதி முகவரியோடு வந்துகொண்டிருந்த இதழ், பிறகு கொழும்பு 13 ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுகலைமாணிப் பட்டம் தர முன்வந்தபோது அவர் அதை வேண்டாம் என்று சொன்னார். அது தலைக்கனம் என்று சொல்பவர்களும் உண்டு. எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பில் வெளியே போன பிள்ளை, எந்தக் கதவால் திரும்ப உள்ளே வரவேணும் என்பதைத் தானே முடிவுசெய்தது, அவ்வளவுதான்.

2021 ஜனவரி 28இல் கொழும்பில் காலமானார். பழைய மல்லிகைகள் நூலகம் இணையத்தளத்தில் கிடக்கின்றன. கதைகளை வாசிக்க நேரமில்லாதவர்கள் முதலில் 'தூண்டில்' பக்கத்தைத் திறவுங்கள். வாசகர் கேட்க ஜீவா பதில் சொல்லுகிற பகுதி அது. சில பதில்கள் நல்ல கூர், சிலது வீண் சண்டை. கதிரையில் ஒருவரை இருத்திவைத்துக் கதைக்கிற அதே குரல்தான்.