பாதரசம் சொன்ன சேதி



எங்கள் காலத்தில் நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் சுவரோரம் நின்றிருந்த யூ-டியூப் மானோமீட்டரை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு பக்கமும் பாதரச மட்டத்தைப் பார்த்து, வித்தியாசத்தை எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "பாதரசம் பொய் சொல்லாது தம்பி, நீதான் தப்பாப் படிக்கிறே" என்பார் லேப் அசிஸ்டெண்ட் அண்ணன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே" என்று மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை, நானும்தான். ஒரு விடியற்காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டது. இன்று இடது கையால் கையெழுத்துப் போடப் பழகியிருக்கிறார். அந்த வராந்தாவில் காத்திருந்த நாட்களில்தான், இந்த பிரஷரை மனிதன் எப்படி அளக்கக் கற்றான் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் அல்ல, மெக்கானிக்கல் ஆள். எனக்குப் புரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அளந்தவரும் டாக்டர் அல்ல! ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு குதிரையின் ரத்தக் குழாயில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மனிதனுக்கு இது சரிப்படுமா? நமக்குச் சாதாரணமான 120 மில்லிமீட்டர் பாதரசத்தையே ரத்தத்தால் அளந்தால் ஐந்தடிக் குழாய் வேண்டும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால் உயரம் சுருங்குகிறது. 1828-ல் பிரான்சின் புவாசே பாதரச மானோமீட்டரைக் கொண்டுவந்தார். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்தில் குழாய் ஓட்டத்துக்கு நாம் மனப்பாடம் செய்த சூத்திரக்காரரேதான்!

ஆனாலும் குழாயை அறுக்க வேண்டியிருந்தது. 1896-ல் இத்தாலியில் ரீவா-ரோச்சி அதற்கு வழி கண்டார். கையைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை, அதில் காற்றடிக்க ஒரு பல்பு, பக்கத்தில் பாதரசக் குழாய். மணிக்கட்டில் நாடி நிற்கும் இடம் மேல் அளவு. கீழ் அளவைச் சரியாகப் பிடிக்க வழி சொன்னவர் ரஷ்ய ராணுவ மருத்துவக் கழகத்தின் சர்ஜன் நிக்கோலாய் கொரோட்காவ். காற்றை மெல்ல விடும்போது ஸ்டெதாஸ்கோப்பில் 'டக் டக்' என்று ஆரம்பிக்கும் இடம் மேல் அளவு, சத்தம் மறையும் இடம் கீழ் அளவு. 1905-ல் அவர் வெளியிட்ட அறிக்கை ஒரு பக்கம்கூட இல்லை. உலகம் முழுக்க டாக்டர்கள் இன்றும் கேட்பது அந்தச் சத்தத்தைத்தான்.

அளக்கத் தெரிந்துவிட்டது, குறைக்கத் தெரியவில்லை. சுருங்கிய குழாய்களில் ரத்தத்தைத் தள்ள இந்த அழுத்தம் தேவைதான், குறைக்கக் கூடாது என்று பெரிய டாக்டர்களே நம்பினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கதையைக் கேளுங்கள். 1944 மார்ச்சில் அவருக்கு 186/108. உப்பைக் குறைத்தார்கள், ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று தலைவலி என்று சாய்ந்தார். அப்போது அளவு 300/190. மூளையில் ரத்தக் கசிவு. வயது 63. உலகிலேயே அதிகாரம் மிக்க மனிதருக்கும் அன்று கொடுக்க நல்ல மாத்திரை ஒன்று இல்லை!

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்ற நம் மூலிகையின் வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று 1931-லேயே கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இருதய இதழில் எழுதிய பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். சிலருக்கு மனச்சோர்வு தந்ததால் பிற்பாடு அதன் உபயோகம் குறைந்தது.

1958-ல் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் குளோரோதயசைடு மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1960-களில் ஜேம்ஸ் பிளாக்கின் புரோப்ரனலால். 1981-ல் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷ ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கேப்டோபிரில். ஆனால் சந்தேகத்தைத் தீர்த்தது 1967-ல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரைஸ் குழு வெளியிட்ட சோதனைதான். கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு. மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு மட்டும். அந்த மருந்துக் கூட்டில் நம் ரிசர்பைனும் இருந்தது.

27-க்கு 2. இந்தக் கணக்கைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை எங்கள் வீட்டு அலமாரியில், பிரிக்காத அட்டையாகக் கிடந்தது.

பாதரசக் கருவிகளும் இன்று விடைபெற்று வருகின்றன. சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பதால் 2013-ன் மினமாட்டா உடன்படிக்கை அவற்றின் உற்பத்திக்கு 2020 என்று கெடு வைத்தது. இப்போது வீட்டுக்கு வீடு பேட்டரி மெஷின். மெஷின் மாறினாலும் லேப் விதி மாறவில்லை. ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். பட்டை இருதய மட்டத்தில் இருக்கட்டும்; கை 10 சென்டிமீட்டர் இறங்கினால் அளவு 8 மில்லிமீட்டர் வரை கூடும். ஒரே ரீடிங்கை நம்பாமல் மறுபடி எடுங்கள். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லி மட்டுமே.

சரி, என் அளவு? அப்பாவுக்காக வாங்கிய மெஷினில் விளையாட்டாகக் கையை விட்டேன். 148/96. உடம்புக்கு ஒன்றுமே பண்ணவில்லை. அப்பாவுக்கும் அப்படித்தானே இருந்தது! இப்போது நானும் மாத்திரைக்காரன். தினமும் காலையில் அப்பா கேட்கிறார், "போட்டாச்சாடா?" நானும் கேட்கிறேன், "நீங்க போட்டாச்சாப்பா?"

மாணவச் செல்வங்களே, இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது நீங்களும் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.