கேட்ட கதையும் படித்த கதையும்

பூம்புகார்க் கடற்கரையில் 1973-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கோவலன் கண்ணகி கதை கல்லிலே செதுக்கப்பட்டிருக்கிறது. ஓரெழுத்தும் அறியாத உழவரும் சுவரோரமாக ஒருமுறை சுற்றி வந்தால் கதை முழுவதையும் கண்டு செல்லலாம். நல்ல பணி, நாடு நன்றி பாராட்ட வேண்டிய பணி. ஆயினும் வெளியே வந்து கடலை நோக்கி நிற்கும்போது ஒரு கேள்வி நம்மை விடாமல் பற்றுகிறது. கல்லிலே கண்ட கதையை, கூத்திலே கேட்ட கதையை, திரையிலே பார்த்த கதையை, நூலிலே படித்தவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை எழுப்பினால் நம் தோழர்களிலேயே சிலர் முகம் சுளிக்கின்றனர். "பகுத்தறிவுப் பணிக்கு நெடுங்கதை எதற்கு? ஆயிரம் பக்கம் நாவல் படிப்பது பொழுது போகாதவன் வேலை. நமக்கு ஏடு போதும், துண்டறிக்கை போதும்" என்கின்றனர். மேடையிலே முழங்கும் இளைஞரும் இப்படிக் கூறக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு விடை கூற நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பூம்புகாரைச் சூழ்ந்துள்ள காவிரி நாட்டு ஊர்களின் வரலாறே போதும்.

மாதவி எழுதிய இரு முடங்கல்கள்

சிலப்பதிகாரக் கதையையே எடுத்துக்கொள்வோம். கடற்கரையில் ஊடிப் பிரிந்த கோவலனுக்கு மாதவி முடங்கல் ஒன்று எழுதி அனுப்புகிறாள். அவன் அதை வாங்கவே மறுக்கிறான். ஆடல்மகள்தானே, இதுவும் நடிப்பாகத்தான் இருக்கும் என்று படிக்காமலே தீர்ப்புக் கூறிவிடுகிறான். பின்னர் மதுரைக்குப் போகும் வழியில் இரண்டாவது முடங்கல் வருகிறது. இம்முறை படிக்கிறான். படித்த பின்னரே தவறு தன்னுடையது, அவளுடையது அன்று என்று உணர்கிறான். படிக்காதபோது பழி, படித்தபோது தெளிவு! அதே மனிதன், அதே பெண், அதே கை எழுதிய எழுத்து.

மாதவிக்கு நேர்ந்த இந்தக் கொடுமை கோவலனோடு முடிந்துவிடவில்லை. காவிரி நாட்டுச் சிற்றூர்களில் நம் பாட்டன்மார் கோவலன் கதையைக் கூத்தாகவும் பாட்டாகவும் கேட்டனர். அக்கதைகள் பலவற்றில் மாதவி பொருள் பறிக்கும் வஞ்சகியாகவே வருகிறாள். கேட்டவர் அப்படியே நம்பினர். எப்படி நம்பாதிருப்பர்? காப்பியம் ஓலைச்சுவடியில் கட்டுண்டு, மடங்களிலும் சில புலவர் வீடுகளிலும் அல்லவா உறங்கிக் கிடந்தது! குடந்தை அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சுவடிகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டு, 1892-ஆம் ஆண்டு சிலப்பதிகாரத்தை முழுமையாக அச்சிட்டு வெளியிட்டார். கோவலன் இறந்த செய்தி கேட்டுத் துறவு பூண்டவள் மாதவி, தன் மகள் மணிமேகலையையும் அறநெறியில் நிறுத்தியவள் என்ற உண்மை அதன் பின்னரே புலவர் வட்டத்தைக் கடந்து படிப்பவர் அனைவர் கைக்கும் எட்டலாயிற்று.

கேட்ட கதை சொல்பவன் வசம் இருக்கிறது. அவன் விட்டதை நாம் அறியோம், சேர்த்ததையும் அறியோம். படித்த கதை நம் வசம் இருக்கிறது. ஐயம் எழுந்தால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், நின்று எண்ணலாம், மறுக்கலாம். நெடுங்கதை படிப்பது பொழுதுபோக்கு என்போர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

உரைநடை என்னும் திறவுகோல்

பூம்புகாருக்குத் தெற்கே அதே கடற்கரையில் இருக்கிறது தரங்கம்பாடி. 1706-ஆம் ஆண்டு அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, சில ஆண்டுகளில் அச்சுப்பொறி வருவித்துத் தமிழ் நூல்களை அச்சிட்டார். அவர் நோக்கம் சமயம் பரப்புவது. ஆனால் அச்செழுத்துக்கு ஒரு குணம் உண்டு. தன்னைக் கோத்தவன் யார் என்றும் அது பார்ப்பதில்லை. தன்னைப் படிப்பவன் எந்தச் சாதி என்றும் கேட்பதில்லை. இருந்தும், இந்நாட்டவர் தாமே தடையின்றி அச்சகம் நடத்த 1835-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

அச்சு வந்தால் மட்டும் போதுமா? அச்சில் வந்தவை பெரும்பாலும் செய்யுள்களாகவே இருந்தன. செய்யுளுக்கு உரை வேண்டும். உரை கூறப் புலவர் வேண்டும். புலவரிடம் பாடம் கேட்க நேரமும் பொருளும் வேண்டும். ஆக, நூல் கையில் இருந்தாலும் திறவுகோல் பிறர் கையில் இருந்தது.

அந்தத் திறவுகோலை மக்கள் கையில் கொடுத்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை. தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் நீதிபதியாக இருந்தவர். மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்தவர். பெண்கல்வி குறித்து 1869-ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியவர். தமிழில் உரைநடை நூல்கள் இல்லையே என்ற குறையைப் போக்கவே எழுதுகிறோம் என்று கூறி, 1879-ஆம் ஆண்டு 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். தமிழின் முதல் நாவல் என்று நாம் போற்றுவது அதைத்தான்.

குறையே இல்லாத நூல் என்று நாம் கூறமாட்டோம். கதை நடுவே அறிவுரை குறுக்கிடுகிறது. கிளைக்கதைகள் மண்டிக் கிடக்கின்றன. யானை மாலையிட்டு அரசனைத் தேர்ந்தெடுக்கிறது! ஆனால் அந்த யானை மாலையிட்டது ஆணுடையில் இருந்த ஞானாம்பாளுக்கு. ஒரு பெண் அரியணை ஏறி ஆணைவிடத் திறம்பட ஆள்கிறாள். தமிழ் மக்களின் வழக்கைத் தமிழ் மன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடுவது என்ன முறை என்று அந்நூல் கேட்கிறது. கேட்டவர் நீதிபதி! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த கடைக்காரரும், திண்ணைப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவரும், எந்தப் புலவர் துணையுமின்றி இவற்றைத் தாமே படித்து எண்ணிப்பார்க்க முடிந்தது. உரைநடை செய்த புரட்சி இது.

நேரம் யாருடைய சொத்து?

எழுத்து வந்தது, நூல் வந்தது. படிப்பதற்கு நேரம்? 1951-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் 100-க்கு ஏறத்தாழ 18 பேர். பெண்களில் 100-க்கு 9 பேர். தஞ்சைத் தரணியின் பண்ணையாளோ கோழி கூவுமுன் வயலில் இறங்கி இருட்டிய பின் கரையேறியவர். அவர் குடிசையில் விளக்கெண்ணெய்க்கே வழியில்லாதபோது நூலுக்கு எங்கே வழி? 1952-ஆம் ஆண்டு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதன் பிறகும், கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழவெண்மணியில் தீக்கிரையாயினர். உழைப்பவனுக்குச் சோறும் ஓய்வும் மறுத்த நாட்டில் நாவல் சிலருடைய திண்ணைச் செல்வமாகவே இருந்தது. அது நாவலின் குற்றமா? நேரத்தைப் பறித்தவன் குற்றம்!

இதை உணர்ந்து உழைத்தவர்களும் இம்மண்ணில் தோன்றினர். சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892-ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே. ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். படிப்பவர் நேரத்தை வீணாக்கக் கூடாது - இவ்வாறு நூலகத்துக்கு 5 விதிகளை வகுத்து 1931-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டி நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அதைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதனே. நெல் மூட்டை ஏறிய வண்டியில் நூல்கள் ஏறின! நூலைத் தேடி வர நேரமில்லாத மக்களைத் தேடி நூல் சென்றது. 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர, நூலகம் வள்ளல்களின் கொடை என்ற நிலை மாறி மக்களின் உரிமையாயிற்று.

தொழிலாளி நெடுங்கதையை விரும்பமாட்டான் என்பாரும் உண்டு. கியூபா நாட்டின் வரலாறு அவர்களுக்கு விடை தரும். ஹவானா நகரின் சுருட்டுத் தொழிற்சாலையில் 1865-ஆம் ஆண்டு ஒரு வழக்கம் தோன்றியது. தொழிலாளர்கள் கைகளால் சுருட்டு உருட்ட, நடுவே உயர்ந்த இருக்கையில் ஒருவர் நூலை உரக்கப் படிப்பார். அவருக்குக் கூலி கொடுத்தது முதலாளியல்ல. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தனர். அவர்கள் விரும்பிக் கேட்டவற்றில் யூகோவும் தூமாவும் எழுதிய நெடுங்கதைகள் உண்டு. மறு ஆண்டே ஆட்சியாளர் அதற்குத் தடை விதித்தனர். வெறும் பொழுதுபோக்கு என்றால் ஆட்சிக்கு ஏன் அச்சம்? நம் ஊர்ப் படிப்பகங்களிலும், முடிதிருத்தகங்களிலும் ஒருவர் ஏடு படிக்கப் பத்துப் பேர் சூழ்ந்து கேட்ட காட்சி இதற்கு உறவுடையது. அங்கே கேட்டவர்களில் பலர், தாமே படிக்க வேண்டும் என்ற வேட்கையால் எழுத்துக் கற்றனர். கேட்பது முதற்படி, அதிலேயே நின்றுவிடலாகாது.

ஏரிக்கரையில் இரு சான்றுகள்

நெடுங்கதை படிப்பவர் அதற்கு அடிமையாக வேண்டும் என்று நாம் கூறவில்லை. மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, 'பொன்னியின் செல்வன்' கதையை 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் எழுதினார். இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டி வைத்த வீடுகள் பல. 5 பாகங்கள் கொண்ட அந்நாவல் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. படித்தவர் பலர் அதையே சோழர் வரலாறு என்று கொண்டுவிட்டனர். 2022-இல் திரைப்படம் வந்தபின் இன்னும் பலர் அப்படியே எண்ணலாயினர்.

அதே ஏரியை அடுத்த காட்டுமன்னார்கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு என்பர். இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டுக்கு உரியது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறித்து, அவர்களைச் சார்ந்தோரின் உடைமைகள் மீது நடவடிக்கை கூறுகிறது. கொலைக்குக் காரணம் இன்னதென்று கூறவில்லை. நந்தினி என்ற பெண் அதில் இல்லை. அவள் கல்கியின் படைப்பு. உத்தம சோழனுக்குக் கொலையில் பங்குண்டு என நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். நாவலை மட்டும் படித்தவருக்கு நந்தினி உண்மை. ஒன்றும் படிக்காதவருக்குக் கரிகாலனே இல்லை. நாவலையும் படித்துக் கல்வெட்டையும் தேடிச் செல்பவரே பகுத்தறிவாளர். அவரைக் கல்வெட்டு வரை நடத்திச் சென்றது எது? அந்த நாவல் மூட்டிய வேட்கை அல்லவா!

ஆகவே தோழர்களே, நெடுங்கதையை ஒதுக்காதீர்கள். அண்ணா வானொலியில் பேசியபோது வீட்டிற்கோர் புத்தகசாலை வேண்டும் என்றார். அலமாரி நிறைந்தால் மட்டும் அது நிறைவேறாது; நாள்தோறும் ஏடு புரள வேண்டும். நாளொன்றுக்கு 10 பக்கம் படித்தால் 2,000 பக்க நாவலும் 200 நாளில் முடியும். குறுவை நடும்போது தொடங்கினால் சம்பா அறுவடை தொடங்கும் நேரத்தில் நூல் முடிந்திருக்கும். கைப்பேசி விழுங்கும் நேரத்தில் கால்பங்கை மீட்டாலே போதும். பாட்டன் பண்ணையில் இழந்த நேரத்தைப் பேரன் கைப்பேசியில் இழப்பதா?

படித்து முடித்ததும் அதை அடுத்த வீட்டுத் தங்கையிடம் கொடுங்கள். "கதை எப்படி?" என்று அவள் கேட்டால் கதையைக் கூறிவிடாதீர்கள். "நீயே படித்துப் பார், பிறகு நாம் வாதிடுவோம்" என்று கூறுங்கள். மாதவியின் முதல் முடங்கல் படிக்கப்படாமல் திரும்பியது. இனி எந்த எழுத்தும் நம் வீட்டு வாயிலிலிருந்து அப்படித் திரும்ப வேண்டாம்.