தொழில் என்ற கட்டம்

2006-ல் மாற்றலாகி கொல்கத்தா வந்த புதிது. கணக்கு தொடங்க ஒரு பெண்மணி வந்தார். விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற கட்டம் மட்டும் காலி. என்ன எழுதட்டும் என்றேன். பதில் இல்லை. முகவரியைப் பார்த்தேன், சோனாகாச்சி. நானே 'இல்லத்தரசி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு வேறு!

அது எவ்வளவு தப்பு என்பது உஷா கூட்டுறவு சங்கத்தின் கதை தெரிந்த பிறகுதான் உறைத்தது.

1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தலைமையில் சோனாகாச்சியில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் தொடங்கியது. ஆணுறை கொடுத்தால் மட்டும் போதாது என்று சீக்கிரமே தெரிந்தது. கந்துவட்டிக் கடனில் மூழ்கிய பெண், ஆணுறை வேண்டாம் என்று அடம்பிடிப்பவனை எப்படித் திருப்பி அனுப்புவாள்? வங்கிகளோ இவர்களுக்குக் கதவு திறக்கவில்லை (எங்களைத்தான் சொல்கிறேன்).

சரி, நாமே தொடங்குவோம் என்று 1995-ல் கிளம்பினார்கள். கூட்டுறவுச் சட்டம் குறுக்கே நின்றது. உறுப்பினருக்கு 'நன்னடத்தை' வேண்டுமாம். இல்லத்தரசிகள் என்று பதிந்துகொள்ளுங்களேன் என்று யோசனை சொன்னார்கள். மறுத்துவிட்டார்கள். கடைசியில் விதிதான் வளைந்தது. பாலியல் தொழிலாளர் என்ற அடையாளத்தோடேயே சங்கம் பதிவானது.

வசூலிப்பவர் தினமும் வீடு தேடி வந்து சேமிப்பை வாங்கிக்கொள்வார். பிள்ளைகள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் நியாயமான வட்டியில் கடன் கிடைத்தது.

இந்தத் தொழிலில் போய் மனநிறைவா என்று கேட்பவர்கள் உண்டு. ஏமாற்றியோ கடத்தியோ கொண்டுவரப்பட்ட பெண்ணிடம் அந்தக் கேள்வியே கொடுமை. அவளுக்கு வேண்டியது மீட்பு. தானே இதில் இருப்பவளுக்கு? என் கணக்குப்பிள்ளை புத்திக்குப் பட்டது இதுதான்: 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிற அளவுக்குத்தான் எந்த வேலையிலும் நிறைவு. அதற்குக் கையில் நாலு காசு வேண்டும். நம் வேலையும் அப்படித்தானே?

வயது வந்த பெண் தன் விருப்பத்தில் செய்யும் பாலியல் தொழில் நம் நாட்டில் குற்றமல்ல. விடுதி நடத்துவது குற்றம். இவர்களுக்கு ஆதார் அட்டை கொடுக்க வேண்டும், அதில் தொழிலைக் காட்டும் அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சொல்வதா, மறைப்பதா என்பது அவர்கள் முடிவு. அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு என்ன உரிமை? இப்போதெல்லாம் விண்ணப்பத்தையும் பேனாவையும் அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருக்கிறேன்.